காஸ் பெட்டிமேல் ஒரு பூனை

அத்தியாயம் 6

மூன்று மூக்குகள் இருந்தன. ஒன்றுக்கும் மணக்கவில்லை.

ஓர்லிகோன் நிலையத்தில் ரயில் ஏறியதிலிருந்து தர்மிகாவின் மனம் இந்த இடத்திலேயே முட்டிக்கொண்டு நின்றது. துன் நிலையத்தில் இறங்கி ஏரிக்கரையை நோக்கி நடக்கும்போதும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாதி நடை, பாதி ஓட்டம். பின்னால் அவளுடைய உதவியாளர் இரவீந்திரன் மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார். நேற்றுவரை ரெஸ்ரோறன்ற் சமையல்காரர், இன்று துப்பறியும் துணைவர். இரண்டு தொழிலுக்கும் ஒரே தொப்பை.

“பிள்ளை, கள்ளன் ஓடினால் நாங்களும் ஓடலாம். இஞ்சை ஒருத்தரும் ஓடேல்லை. நாங்கள் ஏன் ஓடுறம்?”

“நாலு மணிக்கு லூக்காஸ் பொலிசிலை கையெழுத்து வைக்கப்போறான், ரவி அண்ணை. வைச்சா முடிஞ்சுது.”

சென்ற ஞாயிறு நடந்தது இவ்வளவுதான். துன் ஏரித் துறையில் கட்டியிருந்த ‘மன்னார்’ என்ற விருந்துப் படகில் மூன்று பேர் இருந்தார்கள். முதலாளி செபஸ்ரியன், சமையல்காரி றஞ்சினி, றஞ்சினியின் மகனும் படகோட்டியுமான லூக்காஸ். எங்கோ எரிவாயு கசிந்து, பலகைத் தரைக்குக் கீழே உள்ள பள்ளத்தில் சேர்ந்திருந்தது. றஞ்சினி அடுப்பைப் பற்றவைத்தார். தரை வெடித்து எழும்பியது. அவருடைய இரண்டு கைகளும் முழங்கைவரை வெந்துபோயின.

அன்று காலை சிலிண்டரை மாற்றியவன் லூக்காஸ். மாற்றினால் மூட்டில் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்க்கவேண்டும். குமிழி வந்தால் கசிவு, வராவிட்டால் நிம்மதி. பூசவில்லை, என் தவறுதான் என்று இன்று கையெழுத்து வைக்க அவன் தயாராக இருந்தான். வைத்தால் படகோட்டும் அனுமதி போகும், வழக்கு வரும். அதையெல்லாம் அவன் பொருட்படுத்தவே இல்லை. பெற்ற தாயை எரித்தவன் என்று தனக்குத் தானே தீர்ப்பெழுதிவிட்டு, ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் திரிந்தான்.

தர்மிகாவை அமர்த்தியது றஞ்சினிதான். கட்டுப்போட்ட கைகளைத் தலையணைமேல் வைத்தபடி அவர் சொன்னது தர்மிகாவின் காதிலேயே இருந்தது. “என்ரை பிள்ளை என்னைப் பார்க்க வாறானில்லை. ஆர் செய்ததெண்டு கண்டுபிடிச்சுத் தா, பிள்ளை. ஆராயிருந்தாலும் எனக்குப் பரவாயில்லை. தான் இல்லையெண்டு அவனுக்குத் தெரியவேணும்.”

சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக மணமே கிடையாது. கசிந்தால் ஆட்கள் ஓடித் தப்பட்டும் என்றுதான் அழுகல் நாற்றம் ஒன்றைக் கம்பனிக்காரர்களே அதில் கலந்து விடுகிறார்கள். படகையே தூக்கி எறிகிற அளவுக்கு வாயு சேர்ந்திருக்கிறது. ஏதும் மணந்ததா என்று பொலிஸ் கேட்டபோது மூவரும் தனித்தனியே சொன்னது ஒரே பதில். இல்லை.

துறைக்கு வந்ததும் தர்மிகா லூக்காசைக் கைப்பேசியில் பிடித்தாள்.

“சவர்க்காரத் தண்ணி பூசினனீங்களோ?”

“எப்பவும் பூசுறனான், அக்கா. அண்டைக்குப் பூசினனோ எண்டு ஞாபகம் வரேல்லை. பூசியிருந்தா ஏன் வெடிக்குது?”

“வெடிக்க முதல் ஏதாவது மண...”

“இல்லை.”

கேள்வி முடியுமுன்னே பதில் வந்துவிட்டது. சவர்க்காரம் ஞாபகமில்லை என்கிறவனுக்கு இது மட்டும் இவ்வளவு தெளிவாக ஞாபகம் இருக்கிறது.

“சரி, சிலிண்டர் மாத்தினாப் பிறகு என்ன செய்தனீங்கள்?”

“ஒண்டுமில்லை. யன்னல் எல்லாத்தையும் திறந்துவிட்டன்.”

“ஏன்?”

மறுமுனையில் அழைப்பு அறுந்தது.

இரவீந்திரன் அவளுடைய கைப்பேசியோடு காதை ஒட்டிக்கொண்டு நின்றார். “ஐப்பசிக் குளிர். மணமில்லாத படகு. பெடியன் யன்னல் திறக்கிறான். ஏன், ஏரியிலை போற வாத்துகளுக்குக் காட்டவோ?”

“அவனுக்கு மணந்திருக்கு.”

“மணந்தா ஏன் இல்லையெண்டான்?”

“அதைத்தான் நாலு மணிக்குள்ளை கண்டுபிடிக்கவேணும். வாங்கோ.”

‘மன்னார்’ துறை மேடையோரமாகக் கட்டப்பட்டிருந்தது. நடுவில் தரைப்பலகைகள் பெயர்ந்து, உள்ளே கருகிக் கிடந்தது. பொலிஸ் படம் எடுத்து, குழாயையும் சிலிண்டரையும் கழற்றிக்கொண்டு போய்விட்டது. அவற்றின் பரிசோதனை முடிவு வரக் கிழமைகள் ஆகும். தர்மிகாவிடம் இருந்தது ஒரு பின்னேரம்.

பின்தளத்தில் சிலிண்டர் வைக்கும் பெட்டி மட்டும் சேதமில்லாமல் இருந்தது. அதன் மூடியின்மேல் ஒரு கொழுத்த சாம்பல்நிறப் பூனை சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. இரவீந்திரன் விரட்டினார். அது அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நகராமல் இருந்தது.

“என்ரை மனிசியின்ரை பார்வை அப்பிடியே,” என்று சொல்லிக்கொண்டு இரண்டு கையாலும் தூக்கி இறக்கிவிட்டார்.

தர்மிகா மூடியைத் திறந்து கவிழ்ந்து படுத்தாள். இந்த வாயு காற்றைவிடப் பாரம். கசிந்தால் மேலே எழும்பாது, தண்ணீரைப்போலப் பள்ளம் தேடி இறங்கும். அதனால்தான் பெட்டியின் அடியில் ஏரியைப் பார்த்தபடி ஓர் ஓட்டை வைப்பார்கள். கசிகிறது அந்த வழியாக வெளியே போய்விடும். ஆனால் இந்த ஓட்டையில் வெள்ளையாய், கல்லுப்போல ஏதோ அடைத்திருந்தது. வெளியே போகமுடியாத வாயு பெட்டிக்குள் நிரம்பி, அடுப்புக்குக் குழாய் போகிற துவாரத்தால் படகின் வயிற்றுக்குள் இறங்கியிருக்கிறது.

“பொலிஸ் இதைக் கட்டடப் பசை எண்டு எழுதியிருக்கு. குளிர்காத்து வருதெண்டு லூக்காஸ் அடைச்சிருப்பானாம்.”

இரவீந்திரன் விரல் நகத்தால் கொஞ்சம் சுரண்டினார். பார்த்தார். அவள் தடுக்குமுன் நாக்கில் வைத்துவிட்டார்.

“ரவி அண்ணை!”

“இது பசையில்லை, பிள்ளை. ரொட்டி மா. உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு.”

தர்மிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மேலும் குனிந்தாள். பெட்டியின் தரையில், சிலிண்டரின் மூட்டு இருந்திருக்கவேண்டிய இடத்துக்கு நேர்கீழே, வெண்மையாய் ஒரு காய்ந்த சொட்டுக் கறை. விரலை ஈரமாக்கித் தேய்த்தாள். நுரைத்தது. எலுமிச்சை வாசமடிக்கும் பாத்திரம் கழுவும் சவர்க்காரம்.

“பூசியிருக்கிறான்,” என்றாள். “பழைய கறை எண்டு சொல்லுவினமோ? இல்லை, இஞ்சை பாருங்கோ.”

அந்தக் கறையின்மேல் சதுரமாய் ஒரு துருத் தடம் பதிந்திருந்தது. சேற்றில் செருப்புப் பதிகிறமாதிரி, சவர்க்காரம் காய்வதற்கு முன்னே ஏதோ ஒன்று அதன்மேல் வைக்கப்பட்டிருக்கிறது. சிலிண்டரின் அடி வட்டம். இது சதுரம்.

“லூக்காஸ் சோதிச்சிட்டுப் போனாப் பிறகு, கறை காயமுதல், ஆரோ இதுக்குள்ளை ஒரு சாமான் வைச்சிருக்கினம். காஸ் பெட்டிக்குள்ளை சிலிண்டரைத் தவிர ஒரு ஊசியும் வைக்கக்கூடாது. சாமான் இப்ப எங்கை?”

“பொலிஸ் எடுத்திருக்கும்.”

“எடுத்திருந்தா எழுதியிருப்பினம். பொலிஸ் வரமுதலே போயிட்டுது.”

அவள் மூடியைச் சாத்திவிட்டு எழுந்து மேடையில் குறுக்கும் மறுக்கும் நடந்தாள். ரொட்டி மா. சதுரப் பெட்டி. இல்லாத மணம். யாரோ கதவுக்கு மறுபக்கம் நின்று மூச்சு விடுகிறதுபோல விடை பக்கத்திலேயே நின்றது, கைக்கு அகப்படவில்லை. பூனை மறுபடி மூடியின்மேல் ஏறி அதே இடத்தில் சம்மணமிட்டது. அவள் நின்றாள்.

“மேடையிலை வெயில் இருக்கு. உது ஏன் நிழலிலை இருக்குது?”

“பிடிச்ச இடமாயிருக்கும்.”

“வெறும் பெட்டியிலை பூனைக்கு என்ன பிடிப்பு?”

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளை வான் துறைக்குள் வந்து நின்றது. செபஸ்ரியன் இறங்கினார். மன்னாரிலிருந்து அகதியாய் வந்து, ஹோட்டல்களில் கோப்பை கழுவி, கடைசியில் சொந்தப் படகு வாங்கிய மனிதர். வெடிப்புக்குப் பிறகு முகச்சவரம் செய்யவில்லை. உள்ளங்கையால் கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்தார்.

“என்ன பிள்ளை, ஏதாவது பிடிபட்டுதோ?”

தர்மிகா பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரவீந்திரன் விரட்டியும் அசையாத பூனை தானாக எழும்பியது. மேடையில் குதித்தது. வாலை நிமிர்த்திக்கொண்டு நேரே வானின் பின்பக்கம் போய், கதவின் கீழே மூக்கை வைத்து ஒரு நீண்ட மியாவ் போட்டது.

“பின்கதவைத் திறவுங்கோ, அங்கிள்.”

“ஏன்? உள்ளுக்கு ஒண்டும் இல்லை.”

“பூனை இருக்கெண்டு சொல்லுது.”

“பூனையின்ரை கதையைக் கேட்டோ துப்பறியிறியள்?”

“செபஸ்ரியன் அண்ணை,” என்றார் இரவீந்திரன் சாவகாசமாக, “எங்கடை கொம்பனியிலை அதுக்குத்தான் மூளை கூட.”

செபஸ்ரியன் சாவியைக் கையில் உருட்டினார். ஏரியைப் பார்த்தார். பிறகு தோள்கள் விழ, கதவைத் திறந்தார். ஒரு போர்வைக்குள் சதுரமான பழைய பிஸ்கட் தகரப்பெட்டி. மூடியைத் தூக்கியதும் மூவரும் ஒருசேரத் தலையைப் பின்னுக்கு இழுத்தார்கள். பூனை மட்டும் முன்னுக்கு வந்தது.

கருவாடு. முழுப்பெட்டி, அசல் மன்னார்க் கருவாடு.

தர்மிகாவுக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கியது. அழுகல் நாற்றம் கலந்த வாயு ஒருபக்கம், கருவாடு மறுபக்கம். மூன்று மூக்குக்கும் மணந்தது. மணந்தது என்னவென்றுதான் ஒருவரும் கேட்கவில்லை.

“உங்களுக்கு மணந்தது, அங்கிள்.”

“ஓம்.”

“பிறகேன் இல்லையெண்டியள்?”

“வெள்ளைக்காரப் பொலிஸ்காரன் கொப்பியோடை நிண்டு கேக்கிறான். கருவாடு மணந்தது, அதாலை காஸ் தெரியேல்லையெண்டு நான் என்னெண்டு சொல்லுறது? படகிலை கருவாடு கொண்டரக்கூடாதெண்டு சொன்னவனே நான்தான். அண்டைக்கு மணந்தது, தெரியாதமாதிரி இருந்திட்டன். வெடிச்சவுடனை சிலிண்டரைப் பூட்டப் பெட்டியைத் திறந்தன். பக்கத்திலை இது செருகிக் கிடந்தது. தூக்கி வானுக்குள்ளை போட்டன்.”

தர்மிகா பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். தகரத்தின் ஒரு மூலை கத்திபோலக் கூராக நிமிர்ந்திருந்தது. அந்த மூலையில் கறுப்பாய் இறப்பர்த் துகள் ஒட்டியிருந்தது. சிலிண்டரிலிருந்து போகிற குழாயும் கறுப்பு இறப்பர்தான். சிலிண்டருக்குப் பக்கத்தில் இறுக்கிச் செருகிய பெட்டி, படகு ஆட ஆட, குழாயை அறுத்திருக்கிறது.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. “உங்கடை ஒரு பெட்டிக் கருவாட்டுக்காக அந்தப் பிள்ளை தன்னைத் தானே தூக்கிக் குடுக்கப்போறான். ஏரிக்குள்ளை எறிஞ்சிருந்தா நான் கண்டே இருக்கமாட்டன். ஏன் வைச்சிருந்தனீங்கள்?”

“மன்னார்க் கருவாடு, பிள்ளை. எறிய மனம் வரேல்லை.” சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்தார். “ஆனா இது என்ரை இல்லை. உங்களை ஆர் இந்த வேலைக்குப் பிடிச்சதோ, அவவின்ரை.”

தர்மிகாவின் கையில் தகரப்பெட்டி அப்படியே நின்றது.

“றஞ்சினியின்ரை பெட்டி. சிலிண்டர் முடிஞ்சா முதல்லை இதை எடுத்து ஒளிச்சுப்போட்டுத்தான் மகனைக் கூப்பிடுவா. அவன் மாத்திப்போட்டுப் போனவுடனை திரும்ப வைப்பா. எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தா தாய் மாட்டுவா, திறக்காட்டி மகன் மாட்டுவான். நாலு நாளா நித்திரையில்லை.”

ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார்கள். பேருந்துக்குக் காத்து நிற்க அவளால் முடியவில்லை. இரவீந்திரன் பெட்டியை ஒன்றுக்குள் ஒன்றாய்ப் பல பைகளில் சுற்றி, மேலங்கிக்குள் வைத்து அணைத்துக்கொண்டு வந்தார். வழியில் எதிர்ப்பட்ட ஒரு நாய் தன் சொந்தக்காரியையே இழுத்துக்கொண்டு அவர் பின்னால் வரப்பார்த்தது.

“சொல்லத்தான் வேணுமோ?” என்று கேட்டாள் தர்மிகா.

“செபஸ்ரியன் வைச்சதெண்டு சொல்லிப்பாரும். அந்தாள் இப்ப இருக்கிற நிலைக்கு ஓமெண்டும் சொல்லும்.”

“பகிடி விடாதேங்கோ.”

“பகிடியில்லை, பிள்ளை. எனக்கும் பயமாயிருக்கு.” அவர் குரலில் முதன்முறையாகச் சிரிப்பில்லை. “அந்த மனிசி கை ரெண்டும் வெந்துபோய்க் கிடக்குது. அதிட்டைப் போய், நீதான் உன்னை எரிச்சனீ, நீதான் உன்ரை பிள்ளையை மாட்டிவிட்டனீ எண்டு என்னெண்டு சொல்லுறது?”

தர்மிகாவுக்கும் தெரியவில்லை. துப்பறிந்து பிடிப்பது ஒரு வேலை. பிடித்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பது வேறு வேலை என்று அவளுக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. மணி மூன்றரை தாண்டியிருந்தது. கால்கள் தாமாகவே விரைந்தன.

றஞ்சினி யன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். வெள்ளைக் கட்டுக்குள் இரண்டு கைகளும் யாருடையவோபோல மடியில் கிடந்தன. தர்மிகா உள்ளே வந்தாள், நாற்காலியில் கைவைத்தாள், உட்காராமல் கட்டிலைச் சுற்றி வந்தாள்.

“அன்ரி... லூக்காஸ் சோதிச்சவன். அது நிச்சயம். ஆனா...”

றஞ்சினி அவளைப் பார்க்கவில்லை. அவருடைய மூக்கு மெல்ல விரிந்து சுருங்கியது. கண்கள் வாசலில் நின்ற இரவீந்திரனின் மேலங்கிக்குப் போயின.

“உது என்ரை கருவாடெல்லோ,” என்றார்.

இரவீந்திரன் மேலங்கியை இறுக்கிப் பிடித்தார்.

“ஆர் எடுத்துத் தந்தது?”

“செபஸ்ரியன் அங்கிள். காஸ் பெட்டிக்குள்ளை இருந்ததாம், அன்ரி. மூலை பட்டுக் குழாய் அறுந்திருக்கு.”

றஞ்சினி தன் கட்டுக்களைப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாய், மெதுவாய், தானே கோத்துக்கொண்டு வந்தார். “வீட்டிலை மேல்வீட்டுக்காரி மணக்குதெண்டு நிர்வாகத்துக்குச் சொல்லிப்போட்டா. அதுதான் படகுக்குக் கொண்டுபோனன். உள்ளுக்கு வைச்சா செபஸ்ரியன் ஏசுவார். வெளிப்பெட்டிக்குள்ளை வைச்சன். பக்கத்துப் படகுக்காரி மூக்கைப் பொத்தினா. பார்த்தா, அடியிலை ஒரு ஓட்டை. மணம் போறது அதாலைதானெண்டு...”

“ரொட்டி மா,” என்றார் இரவீந்திரன் மெதுவாக.

“ஓம். ரொட்டி மா. அண்டைக்கும் மணந்தது. கருவாடெண்டு நினைச்சுத்தான் பொலிசுக்கு இல்லையெண்டு சொன்னனான்.” அவருடைய கண்கள் நிறைந்தன. அழப்போகிறார் என்று தர்மிகா பயந்தாள். அவர் அழவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு பெரிய மூச்சை வெளியே விட்டார். “அப்ப அவன் இல்லை. என்ரை பிள்ளை இல்லை. ஃபோனைப் போடு, பிள்ளை. என்ரை காதிலை பிடி.”

தர்மிகா ஒலிபெருக்கியை அழுத்தி, கைப்பேசியை அவர் காதருகே பிடித்தாள். மணி நெடுநேரம் அடித்தது. கடைசியில் எடுத்தான்.

“அக்கா, நான் பொலிஸ் வாசல்லை நிக்கிறன்...”

“நான் அம்மா.”

அவன் அழைப்பை அறுத்துவிடுமுன் றஞ்சினி முந்திக்கொண்டார்.

“வைக்காதை. கேள். கருவாட்டுப் பெட்டியைக் காஸ் சிலிண்டருக்குப் பக்கத்திலை வைச்சது நான். ஓட்டையை அடைச்சதும் நான். நீ ஒழுங்காச் சோதிச்சனி, உன்ரை சவர்க்காரம் அங்கை காய்ஞ்சு கிடக்குதாம். உனக்கு மணந்ததோ இல்லையோ?”

“மணந்தது, அம்மா.”

“ஏன் சொல்லேல்லை?”

“உங்கடை கருவாடெண்டு நினைச்சன். அங்கிள் ஏசப்போறாரெண்டு யன்னலைத் திறந்துவிட்டன்.” “பொலிஸ் கேக்கேக்கையும் உங்களைச் சொல்ல மனம் வரேல்லை.”

“என்ன மணக்குதெண்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் தீக்குச்சியைத் தொட்டிருக்கமாட்டன், மகன்.” றஞ்சினி கண்ணை மூடித் திறந்தார். “சரி. இப்ப இஞ்சை வா. பொலிசையும் கூட்டிக்கொண்டு வா. எனக்குக் கையெழுத்து வைக்கக் கையில்லை, வாய் இருக்கு. நான் சொல்லுறன்.”

“வாறன், அம்மா.”

தர்மிகா கைப்பேசியை அணைத்தாள். ரயிலைவிட்டு இறங்கியபின் முதன்முறையாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். இனி அந்தத் தாயை எது தேடி வரும், விசாரணையா, வழக்கா என்று அவளுக்குத் தெரியாது. அவன் வருகிறான் என்பது மட்டும் தெரியும்.

கதவைத் திறந்துகொண்டு தாதி வந்தாள். இரண்டடி வைத்தவள் நின்று முகத்தைச் சுளித்தாள். மரியாதைக்கு ஒரு புன்னகையை ஒட்டிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் நேரே யன்னலைத் திறக்கப் போனாள்.

“நைன்,” என்று தடுத்தார் றஞ்சினி.

தாதி திரும்பினாள்.

“யன்னலைப் பிறகு திறக்கலாம். முதல்லை என்ன மணக்குதெண்டு கேள்,” என்று உடைந்த டொச் மொழியில் சொல்லிவிட்டு, றஞ்சினி கட்டுப்போட்ட கையால் இரவீந்திரனின் மேலங்கியைச் சுட்டிக்காட்டினார். “அது என்ரை கருவாடு.”